மொட்டை மாடியில் பத்தாம் வகுப்பு

பிப்ரவரி 17, திங்கள்

வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரே தடவையில் ஸ்கிரீனில் எழுத்து விழுந்துவிட்டது.

இந்த டைரி வீட்டுக்காரருக்குப் பருப்பு மில்லில் கொடுத்தது. ஒன்றரை மாதமாக டி.வி.க்குப் பின்னால் கிடந்தது. "எந்த வெயிலுக்கு எவ்வளவு நேரம் வச்சீங்கன்னு எழுதி வையேன், அடுத்த வருசத்துக்கு ஆகும்ல" என்றார். விருதுநகரில் பிறந்தவளுக்கு வெயிலைப் பற்றி டைரி வேண்டுமா? ஆனாலும் வழுவழு பேப்பர், விட மனசில்லை.

எழுதுவதை முறையாக எழுதிவிடுகிறேன். நான் சந்தனமாரி. என் சிநேகிதி இந்திராணி. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. கல்யாணமும் இதே ஊரில், அடுத்தடுத்த தெருவில். அவள் வீட்டுக்காரர் தவறிப்போய் நாலு வருசமாகிறது. மகன் ஓசூரில் கம்பெனி வேலை. அவள் வீட்டு மொட்டை மாடியில்தான் நாங்கள் இரண்டு பேரும் கல்யாணத் தாம்பூலப் பை அச்சடிக்கிறோம். மகளிர் குழுவில் பயிற்சி கொடுத்தபோது தெருவே போனது. விடாமல் பிடித்துக்கொண்டது நாங்கள் மட்டும்தான்.

மாடியில் தகரம் போட்ட ஒரு ரூம். ஜன்னலில் கறுப்புப் பேப்பர் ஒட்டி, உள்ளே சிவப்பு பல்பு. மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணிதான் ஸ்கிரீன். அங்கே வைத்துத்தான் அதில் மருந்து பூசுவோம். காய்கிற வரைக்கும் வெளிச்சம் படக் கூடாது. அதற்கு அடையாளமாகக் கதவுக் கொண்டியில் சிவப்பு ரிப்பன் கட்டிவிடுவோம். காய்ந்த பிறகு எழுத்து அச்சான ஃபிலிமை மேலே வைத்து, கண்ணாடியால் அழுத்தி, ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு வெயிலுக்கு ஓட வேண்டும். வெயில் பட்ட இடத்தில் மருந்து கெட்டியாகிவிடும். எழுத்து மறைத்த இடம் இளகியே இருக்கும், தண்ணீர் அடித்தால் கரைந்து எழுத்து திறக்கும். அது வழியாக மையை இழுத்தால் பையில் 'வாழ்த்த வந்த நெஞ்சங்களுக்கு நன்றி'.

வெயிலில் எவ்வளவு நேரம் பிடிப்பது என்பதுதான் சூட்சுமம். கடிகாரம் பார்க்கச் சொன்னார்கள். இரண்டு கையும் கண்ணாடியில் இருக்கும்போது கடிகாரத்தை எங்கே பார்க்க? இந்திராணி அந்தக் காலத்தில் வகுப்பு லீடர். டீச்சர் கண்ணசந்தால் வருகைப் பதிவேட்டை அவள்தான் வாசிப்பாள். இன்றைக்கும் மனப்பாடம். "பத்தாம் வகுப்பு அ பிரிவு. அமுதவல்லி, அய்யம்மாள், ஆரோக்கியமேரி, இந்திராணி, ஈஸ்வரி..." அவள் வாசிக்க வாசிக்க எல்லாருக்கும் சேர்த்து நான் "உள்ளேன் டீச்சர்" சொல்வேன். உச்சி வெயில் என்றால் சந்தனமாரியோடு நிறுத்தம். காலை வெயிலுக்குக் கடைசி வேலம்மாள் வரை. மேகம் இருந்தால் இரண்டு சுற்று. இதுவரை தப்பியதே இல்லை.

இது எங்கள் இரண்டு பேர் கணக்கு. வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

பிப்ரவரி 20, வியாழன்

இந்திராணி வீட்டுக் கீழ் போர்ஷனுக்குக் குடி வந்திருக்கிறார்கள். புருஷன் பேங்கில், மாற்றலாகி வந்திருக்கிறான். பெண்ணின் பேர் மோனிஷா. திருப்பூர்க்காரி. கல்யாணமாகி ஒரு வருசம்தான் இருக்கும். சாமான் இறக்கி முடிக்குமுன்னே மாடியில் வந்து எட்டிப் பார்க்கிறாள்.

"ஏனுங்க்கா, ஸ்கிரீனுங்களா? எங்கூர்ல சந்துக்குச் சந்து இதானுங்க்கா. எங்கப்பா பட்டறையிலயே வளந்தேனுங்க."

அவள் பேச்சில் எத்தனை 'ங்க' என்று எண்ணி முடிப்பதற்குள் அடுத்ததை ஆரம்பித்துவிடுகிறாள். இந்திராணி சிரித்தாள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

பிப்ரவரி 24, திங்கள்

வெயில் நன்று.

தினமும் வருகிறாள். புருஷனை அனுப்பிவிட்டுக் கொலுசுச் சத்தத்தோடு மாடி ஏறிவிடுகிறாள். "நான் ஒருக்கா பூசட்டுங்களா?" என்று கேட்டு வாங்கி மருந்து பூசினாள். மேடு பள்ளமில்லாமல்தான் பூசினாள், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக இந்திராணி "கையா இது! சந்தனம், பாருடி!" என்று கூவ வேண்டுமா? ஆறு வருசமாக நான் பூசியபோது அவள் கண்ணை அடகு வைத்திருந்தாளா?

மத்தியானம் இந்திராணி எண்ணெய்ப் பரோட்டா வாங்கி வரச் சொன்னாள். இரண்டு பொட்டலம் வந்தது. "ஒனக்குத்தான் எண்ணெய் ஆகாதுல்ல" என்று எனக்கு இட்லி. எண்ணெய் ஆகாது என்று நான் சொன்னது போன தீபாவளிக்கு, அதுவும் முறுக்கு காந்திப் போனதால்.

மார்ச் 1, சனி

எண்ணெய் மில் முதலாளி வீட்டுக் கல்யாண ஆர்டர் வந்தது. ஆயிரம் பை. பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். இவ்வளவு பெரிய வீட்டு வேலை எங்களுக்கு இதுவரை வந்ததில்லை. இது நன்றாக அமைந்தால் பஜார் முழுக்க எங்கள் பேர் போகும்.

முதலாளியின் சம்சாரமே மாடி ஏறி வந்தார். நான் மாதிரிப் பைகளை எடுத்து விரித்தேன். சிவப்பு மை, பச்சை மை, எல்லாம் ஒற்றைக் கலர். அந்தம்மா முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. அப்போது இந்த மோனிஷா நடுவில் புகுந்து, "ரெண்டு கலர் போடலாமுங்கம்மா. முதல்ல பச்சையில மயிலு, அது காஞ்சப்புறம் ரெண்டாவது ஸ்கிரீன்ல தங்கக் கலர்ல பேரு. ஜம்முன்னு இருக்குமுங்க" என்றாள். அந்தம்மாவுக்கு வாயெல்லாம் பல். "இந்தப் பொண்ணு யாரு? கெட்டிக்காரியா இருக்காளே" என்று இந்திராணியிடம் கேட்டார்.

"நம்ம பிள்ளைதான்" என்றாள் இந்திராணி.

நம்ம பிள்ளையாம். வந்து பத்து நாள் ஆகவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. என் டைரியில் எழுத எனக்கென்ன வெட்கம்? எரிந்தது, அவ்வளவுதான்.

மார்ச் 4, செவ்வாய்

வெயில் கொளுத்தியது. எனக்குள்ளேயும்.

கண்ணாடியின் மறுபக்கத்தைப் பிடிக்கப் போனேன். இந்திராணி, "நீ இரு, மோனிஷா பிடிக்கட்டும். நீ மை இழுத்துப் பழகு" என்றாள். மை இழுப்பது எப்போதும் அவள் வேலை. ரப்பர் கட்டையைச் சரித்து ஒரே அழுத்தமாக இழுக்க வேண்டும். எனக்கு அது வராது, அவளுக்கே தெரியும்.

"எனக்கு எதுக்குடி அது? அதான் நீ இருக்கேல்ல?"

"எல்லாத்தையும் ஒருத்தியே வச்சிருந்தா எப்படி? பழகு சந்தனம்."

முதல் பையில் மை அப்பிக்கொண்டது. இரண்டாவதில் பாதி எழுத்தைக் காணோம். அவர்கள் இரண்டு பேரும் வெயிலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். மோனிஷா கண்ணாடி ஓரத்தில் போனைச் சாய்த்து வைத்து அதில் நேரம் பார்த்தாள். பார்த்துக்கொள்ளட்டும். எங்கள் பேர் வரிசை அவளுக்குத் தெரியாதே.

நடுவில் இந்திராணிக்கு மகனிடமிருந்து போன். தண்ணீர்த் தொட்டி ஓரம் போய்ப் பேசினாள். முன்பெல்லாம் என் காதில் விழுகிற மாதிரிதான் பேசுவாள். மருமகளுக்கு இது எட்டாவது மாசம். பாவம், அம்மா இல்லாத பெண். "என்னடி, நல்லாருக்காளா?" என்றேன். "ம்" என்றாள். ஆளே மாறிவிட்டாள். யாரால் என்று சொல்ல வேண்டியதில்லை.

மார்ச் 6, வியாழன்

தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டுப் போகவில்லை. சாயங்காலம் இந்திராணி சுக்குக் காபியோடு வந்தாள். கூடவே அவளும்.

மார்ச் 9, ஞாயிறு

இந்திராணி தன் துளசித் தொட்டி, ரோஜாத் தொட்டி எல்லாவற்றையும் கீழே மோனிஷா வாசலுக்கு இறக்கிவிட்டாள். "அவ தண்ணி ஊத்திப் பாத்துக்குவா" என்கிறாள். அந்த அடுக்குச் செம்பருத்தியில் ஒரு குச்சி கேட்டு நான் மூன்று வருசமாக நடக்கிறேன். கிரைண்டரைக்கூட அவளையே எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். இந்த வயதில் ஒருத்திக்கு இப்படியா புத்தி மயங்கும்!

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வீட்டக் காலி பண்ற மாதிரில இருக்கு" என்றார். இவருக்கு எதுதான் புரிந்திருக்கிறது? சாப்பிட்டுப் படுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

இன்று நடந்ததை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஆயிரம் பையிலும் பச்சை மயில் அடித்தாகிவிட்டது. தங்கக் கலருக்கான இரண்டாவது ஸ்கிரீன்தான் பாக்கி. கொஞ்சம் தாமதமாகத்தான் போனேன், ரேஷன் கடையில் நின்றுவிட்டேன். மாடிப்படி பாதி ஏறியிருப்பேன். மேலே சத்தம் கேட்டது.

"ஈஸ்வரி, உமையாள், கனகமணி, கோமதி..."

இந்திராணி குரல் இல்லை. அவள் குரல்! திருப்பூர் ராகத்தில் என் வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறாள்!

"கோமதிக்கு அடுத்து யாருங்க்கா?"

"சந்தனமாரி. அத மட்டும் மறந்துறாத, உச்சி வெயிலுக்கு அதுலதான் நிறுத்தணும்."

"சந்தனமாரி."

"உள்ளேன் டீச்சர்" என்றாள் இந்திராணி. என் பேருக்கு. நான் உயிரோடு படியில் நிற்கும்போது.

மேலே போனேன். இரண்டு பேரும் முகம் மலர்ந்து நிற்கிறார்கள். "வாடி, இந்தப் பிள்ளை பாதி மனப்பாடம் பண்ணிருச்சு" என்கிறாள், நான் சந்தோசப்படுவேன் என்று நினைத்து. அமுதவல்லிக்குப் பல் எடுப்பு, ஆரோக்கியமேரி கேக் கொண்டு வருவாள், கனகமணி கிணற்றில் விழுந்து செத்தாள். இதெல்லாம் இவளுக்குத் தெரியுமா? கனகமணி பேர் வரும்போது நாங்கள் இரண்டு பேரும் எப்போதும் குரலைத் தாழ்த்துவோம். இவள் அதையும் கத்திக் கூப்பிடுகிறாள்.

தொட்டியைக் கொடுத்தாள், பேசாமல் இருந்தேன். கிரைண்டரைக் கொடுத்தாள், அதற்கும் பேசாமல் இருந்தேன். இதைக் கொடுக்க இந்திராணிக்கு என்ன உரிமை இருக்கிறது? பாதி என்னுடையது இல்லையா?

மார்ச் 14, வெள்ளி

ஸ்கிரீன் கெட்டுப்போய்விட்டது.

காலையில் இந்திராணி இருக்கிற மருந்தையெல்லாம் வழித்துப் பூசிக் காய வைத்து, ரிப்பன் கட்டிவிட்டு, ஃபிலிம் வாங்க பஜாருக்குப் போனாள். மோனிஷா கீழே குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள், வாசனை மேலே வந்தது. நான் மை துடைக்க வேஸ்ட் துணி எடுக்க ரூமுக்குப் போனேன். துணி மூட்டை அங்கேதானே இருக்கிறது. வேறெங்கே போய் எடுக்க?

சிவப்பு பல்பு வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதனால் கதவு திறந்திருந்தது. ஸ்கிரீன் எதிர்ச் சுவரில் சாய்ந்திருந்தது. துணி கிடைத்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கே நின்றேன். எதற்கு நின்றேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வரும்போது ரிப்பனை முன்னே இருந்த மாதிரியே கட்டிவிட்டுத்தான் வந்தேன்.

உச்சிப் பொழுதுக்கு இந்திராணியும் அவளும் கண்ணாடியைத் தூக்கி வந்தார்கள். அவள்தான் பேர் வாசித்தாள். சந்தனமாரியில் சரியாக நிறுத்தினாள். உள்ளே கொண்டுபோய்த் தண்ணீர் அடித்தார்கள். அடித்தார்கள், அடித்தார்கள், ஓர் எழுத்தும் திறக்கவில்லை. இந்திராணி குனிந்து பார்த்தாள்.

"எழுத்து இருக்குற எடம் மஞ்சளால்ல நிக்கணும்? மொத்தமும் காப்பிக் கலராயிருச்சு. இது முன்னாடியே வெளிச்சம் பாத்த ஸ்கிரீன். யாரு கதவத் திறந்தது?"

நான் வாயைத் திறக்குமுன் மோனிஷா சொன்னாள்: "நானுங்க்கா. மை டப்பா எடுக்கப் போனேனுங்க. ரிப்பனக் கவனிக்கலீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எவ்வளவு துணிச்சலாகப் பொய் சொல்கிறாள்! அந்த ரூம் பக்கமே போகாதவள், போனேன் என்கிறாள்.

இந்திராணி திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. அவளைப் பார்க்கக்கூட இல்லை. என் கையில் இருந்த வேஸ்ட் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி, ஆனது ஆச்சு" என்றாள்.

மார்ச் 15, சனி

வெயில் இல்லை. மேகம்.

விடியற்காலை பஸ்ஸில் வீட்டுக்காரரைச் சிவகாசிக்கு விரட்டி மருந்து வாங்கி வரச் செய்தேன். மோனிஷா மேலே வரவில்லை. இந்திராணியும் நானும்தான். ஆளுக்கொரு பக்கம் கண்ணாடி, பழையபடி. மேகத்துக்கு இரண்டு சுற்று வாசித்தாள். எல்லாப் பேருக்கும் நான் "உள்ளேன் டீச்சர்" சொன்னேன். கனகமணிக்கு இரண்டு பேரும் குரலைத் தாழ்த்தினோம். எழுத்து பளிச்சென்று திறந்தது.

அவள் இழுக்க, நான் எடுத்து எடுத்துக் கொடியில் போட, சாயங்காலம் எல்லாப் பையும் முடிந்து வண்டியில் ஏறியது. நன்றாகவே வந்திருந்தது. ஆனால் நாள் முழுக்க அவள் என்னிடம் பேசியது அந்தப் பேர் வரிசை மட்டும்தான்.

மார்ச் 17, திங்கள்

வெயில் நன்று. மாடியில் நாங்கள் இரண்டு பேர்தான். கொலுசுச் சத்தம் இல்லை.

முதலாளி சம்சாரம் போன் பண்ணிப் பாராட்டினார். நானே போய் எண்ணெய்ப் பரோட்டா வாங்கி வந்தேன். "எனக்கு வேண்டாம், நீ தின்னு" என்றாள் இந்திராணி. இரண்டு பொட்டலத்தையும் நானே தின்றேன். நெஞ்சைக் கரித்தது.

மார்ச் 21, வெள்ளி

ஓசூருக்குப் போகிறாளாம்.

கொடியில் கிளிப் எடுத்துக்கொண்டே சாதாரணமாகச் சொல்கிறாள். பிரசவத்துக்கு முன்னால் போய்விட வேண்டும். மருமகளுக்குத் தாய் இல்லை, பிரசவம் முடிந்து அவள் வேலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது? மகன் பொங்கலிலிருந்தே கூப்பிடுகிறான். மேல் வீட்டையும் வாடகைக்கு விட்டுவிடுவாள். மாடி மட்டும் நமக்கு.

"எப்ப வருவ?"

"பிள்ள பள்ளிக்கூடம் போகட்டும். பாப்போம்."

"பொங்கல்லருந்து தெரியும். எங்கிட்டச் சொல்லல?"

"ஒங்கிட்டச் சொன்னா நீ அழுவ. நீ அழுதா நான் போக மாட்டேன். பேரப்பிள்ளைய யாரு பாக்க?" கிளிப்பை டப்பாவில் போட்டாள். "இது ஒத்த ஆள் வேலை இல்லடி. ஒன்னையத் தனியா விட்டுட்டுப் போக மனசு வரல. அதான் அந்தப் பிள்ளைய ஒன்னொண்ணாப் பழக்குனேன். நம்ம பேர் வரிசையக்கூடச் சொல்லிக் குடுத்தேன். நீ என்னடான்னா..."

அதோடு நிறுத்திக்கொண்டாள். மீதியைச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

எனக்கு இப்போது அந்தப் பேரப்பிள்ளை மேல் பொறாமை. இன்னும் பிறக்கவே இல்லை, அதற்குள் இந்திராணியைத் தூக்கிக்கொண்டு போகிறது. கேட்டால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும்.

மார்ச் 24, திங்கள்

அவள் மூட்டை கட்டுகிறாள். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. வீட்டுக்காரரை மாடிக்கு அழைத்துப் போய்க் கண்ணாடியின் மறுபக்கத்தைப் பிடிக்கச் சொன்னேன். வேறு வழியில்லாமல் பேர் வாசித்தேன். "அமுதவல்லியா? அது யாரு?" என்றார். "ஆரோக்கியமேரி நம்ம தையல்காரம்மாவா?" என்றார். பதில் சொன்னதில் எண்ணிக்கை போய்விட்டது. தும்மினார், ஃபிலிம் நழுவியது. எழுத்து இரண்டிரண்டாக விழுந்தது. அப்புறம் நான் மட்டும் தூக்கிப் பார்த்தேன். கண்ணாடியின் ஒரு முனை உடைந்தது.

மார்ச் 29, சனி

ஸ்டேஷனுக்குப் போனேன். அழக் கூடாது என்று அவள் சொல்லியிருந்தாள். அவள்தான் அழுதாள். இரண்டு சாக்கு, ஒரு சூட்கேஸ், பிள்ளைக்குப் பழைய சேலைத் துணிக் கட்டு. எனக்கு அடுக்குச் செம்பருத்திக் குச்சி ஒன்றை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டு வந்திருந்தாள்.

ரயில் நகர ஆரம்பித்தபோது ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்தாள்.

"சந்தனம், இனிமே வேஸ்ட் துணி எடுக்கப் போனா கதவச் சாத்திட்டு எடு."

கோபமாகச் சொல்லவில்லை. மார்க்கெட்டுக்குப் போனால் பை எடுத்துக்கொண்டு போ என்பது மாதிரி சொன்னாள். அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே என்னோடு கண்ணாடி பிடித்து இரண்டு சுற்று வாசித்திருக்கிறாள்.

மார்ச் 30, ஞாயிறு

வெயில் இருந்தது. மாடிக்குப் போகவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

காதுகுத்துப் பை ஆர்டர் ஒன்று நிற்கிறது. கை கால் சும்மா இருக்கவில்லை. இந்திராணிக்குப் போன் பண்ணி, "மாடிச் சாவி எங்க வச்ச?" என்றேன். "மோனிஷாட்ட" என்றாள். என் கையில் கொடுக்காமல் அவளிடம் கொடுத்திருக்கிறாள்! ஒரு நிமிசம் பழையபடி வயிறு பற்றிக்கொண்டது. அப்புறம்தான் எதற்குக் கொடுத்தாள் என்று புரிந்தது. அந்தக் கள்ளிக்கு என்னை நன்றாகத் தெரியும்.

மோனிஷா வாசலில் நின்றேன். செம்பருத்தி பூத்திருந்தது. கதவைத் திறந்தவள் சாவியைக் கொண்டு வந்து நீட்டினாள். வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம்.

"அன்னைக்குக் கதவத் திறந்து வச்சது நான்" என்றேன்.

"தெரியுமுங்க்கா. பூண்டு உரிச்சு வாங்கலாமுன்னு உங்களக் கூப்பிட மேல வந்தேனுங்க. நீங்க உள்ள நின்னுட்டிருந்தீங்க, என் கொலுசுச் சத்தங்கூட உங்களுக்குக் கேக்கலீங்க. அப்படியே எறங்கிட்டேனுங்க."

"அப்புறம் ஏன் நீ போனதாச் சொன்ன?"

அவள் நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள். "நீங்கதான்னு தெரிஞ்சா இந்திராணி அக்கா உங்களோட பேசியிருக்க மாட்டாங்க. உங்க ரெண்டு பேருக்கும் சண்டை வந்தா அந்த மாடியே பூட்டிக்குமுங்க. இந்த ஊர்ல எனக்கு வேற எங்கீங்க்கா போக்கு? அவரு காலையில போனா ராத்திரிதானுங்க வர்றாரு. எனக்கும் உங்க மேல பொறாமைதானுங்க்கா. என் கூடப் படிச்சவங்க பேரு பத்துகூட எனக்கு ஞாபகமில்லீங்க. என்னைய ஞாபகம் வச்சிருக்கறவங்களும் யாருமில்லீங்க."

"கனகமணி செத்துப் போயிட்டா. அவ பேர் வாரப்ப மெதுவாச் சொல்லணும்" என்றேன்.

"அய்யோ, தெரியாம கத்திட்டேனுங்களே."

"நாளைக்கு வா. கொலுசோடயே வா."

ஏப்ரல் 2, புதன்

வெயில் இருந்தது, இடையில் மேகம்.

மருந்து அவள் பூசினாள். ரிப்பன் நான் கட்டினேன். காய்கிற வரைக்கும் இரண்டு பேரும் கதவுக்கு வெளியே உட்கார்ந்து பூண்டு உரித்தோம்.

நாலு மணிக்குக் கண்ணாடியைத் தூக்கினோம். உடைந்த முனையை அவள் பக்கம் கொடுக்காமல் நான் பிடித்துக்கொண்டேன். சாய்ந்த வெயில், முழு வரிசையும் வேண்டும். "நீ வாசி" என்றேன்.

"அமுதவல்லி."

"உள்ளேன் டீச்சர்."

"அய்யம்மாள். ஆரோக்கியமேரி." இரண்டு பேரும் வந்திருந்தார்கள். "இந்திராணி."

அவள் நிறுத்திவிட்டாள். வெயில் நமக்காக நிற்காது, ஒரு பேர் தாமதித்தாலும் எழுத்து போய்விடும்.

"லீவு டீச்சர்" என்றேன்.

மோனிஷா என் முகத்தைப் பார்க்காமல் மேலே வாசித்தாள். ஈஸ்வரி, உமையாள். கனகமணிக்குக் குரலைத் தாழ்த்தினாள். சந்தனமாரிக்கு நான் கொஞ்சம் சத்தமாகவே உள்ளேன் சொன்னேன். கடைசி வேலம்மாள் வந்தபோது ஒரு மேகம் வந்து வெயிலை மறைத்துவிட்டது. கண்ணாடியை இறக்கப் போனாள்.

"இறக்காத, இன்னும் ஒரு பேருக்குப் பத்தலை" என்றேன்.

"லிஸ்ட் முடிஞ்சுதுங்களே."

மேகம் விலகுகிற வரை பொறுத்தேன். வெளிச்சம் திரும்பக் கண்ணாடி மேல் விழுந்ததும் வகுப்பு லீடர் மாதிரி நீட்டி வாசித்தேன்.

"மோனிஷா."

அவளுக்கு ஒரு நொடி புரியவில்லை. அப்புறம் கண்ணாடி ஆடுகிற அளவுக்குச் சிரித்தாள். "ஆட்டாதடி!" என்று கத்தினேன்.

"உள்ளேனுங்க டீச்சர்!"

உள்ளே ஓடித் தண்ணீர் அடித்தோம். எல்லா எழுத்தும் திறந்தது.